டிக் போட்டவர்களுக்கு மட்டும்

அத்தியாயம் பதினொன்று

நடுவில் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி. மேட்ரன் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தவள் அல்ல. நகர நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குகிறவள். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இணையத்தில் ‘பக்கத்துப் படுக்கை’ என்று ஒரு மன்றம் நடத்துகிறாள். அங்கே உறுப்பினர்கள் செல்லமாக வைத்த பெயர்தான் மேட்ரன். அவளுடைய அம்மாவும் ஆறு வருடம் படுக்கையில் கிடந்து, முப்பத்தேழு நாட்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது அப்பா அந்த அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். தம்பி அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போக ஒற்றைக்காலில் நிற்கிறான். “இங்கேருந்து என்னைக் கிளப்பினா ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டேன்” என்கிறார் அப்பா. போன வாரம் மேட்ரன் நடுவில் விழுந்து தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

“அப்பா தெளிவா இருக்கார். அவர் போக்குல விடு. ஏதாவது தப்பாத் தெரிஞ்சா முதல் ஆளா நானே உன்கிட்ட சொல்றேன்.”

வாய் நிறையச் சொல்லிவிட்டாள். அதற்கான நாள் இந்தச் செவ்வாய்க்கிழமையே வந்து தொலைத்தது.

* * *

செவ்வாய் நூலகத்துக்கு விடுமுறை. அன்றுதான் மேட்ரனுக்கு உண்மையான வேலை. காலை பத்து மணிக்கு மன்றத்தின் வாராந்திரக் கடிதம் மின்னஞ்சலில் போயாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு மன்றம் ஈயடித்துக்கொண்டிருந்தது. எண்ணூறு பேர் சேர்ந்திருந்தார்கள். எழுதுகிறவர்கள் ஏழு பேர். மற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு கையில் ஸ்பூனும் இன்னொரு கையில் ஈரத்துண்டுமாக நிற்கிறவர்கள் மன்றத்தைத் தேடி எங்கே வருவார்கள்? ‘அவங்க வரலேன்னா நாம போவோம்’ என்று மேட்ரன்தான் கடிதத்தை ஆரம்பித்தாள்.

கடிதத்தில் ஒரு குறிப்பு இருக்கும். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, இப்படி ஏதாவது. அதன் கீழே மூன்று கேள்விகள். ‘உங்கள் வீட்டு நோயாளி இந்த வாரம் எப்படி இருக்கிறார்? சாப்பிட்டாரா? உங்களைப் பார்த்துச் சிரித்தாரா?’ படிக்கிறவர்கள் அப்படியே பதில் எழுதி அனுப்பினால் போதும், அது தானாக மன்றத்தில் பதிவாகிவிடும். அதற்கு ஐந்து பேர் ஆறுதல் சொல்வார்கள், பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். மன்றம் பிழைத்துக்கொண்டது.

“எண்ணூறு பேர் இருக்கற குடும்பத்துல நான் எத்தனையாவது ஆளு?” என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அவள் சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள்.

நோயாளி இறந்துபோனால் வீட்டார் அவளுக்கு ஒரு வரி தெரிவிப்பார்கள். உடனே பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘கடிதம் வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவாள். செத்தவர் சாப்பிட்டாரா என்று யாரிடமும் கேட்டுவிடக் கூடாது அல்லவா? இருநூற்றுப் பதினான்கு டிக். கடைசி டிக் அப்பாவுக்கு. அம்மா போன மூன்றாம் நாள் அவளே தன் கையால் போட்டது.

இந்தச் செவ்வாய் பத்து மணிக்குப் பொத்தானை அழுத்தினாள். டீ போட எழுந்தாள்.

திரும்பி வந்தபோது நாலு பதில்கள் வந்திருந்தன.

‘உங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?’

‘என் மனைவி போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள்தானே ஆறுதல் எழுதினீர்கள்?’

‘பெயரை எடுத்துவிடுங்கள். இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள்.’

நாலாவதில் ஒன்றுமே இல்லை. அனுப்பியவர் பெயர் மட்டும் இருந்தது.

மேட்ரன் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பட்டியலைத் திறந்தாள். அனுப்பப்பட்டவை: இருநூற்றுப் பதினான்கு.

தம்பி போனை எடுக்க மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது. அவன் ஒரு கூரியர் கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். மன்றத்தின் தொழில்நுட்பத் தலைவலி எல்லாம் அவனுக்குத்தான்.

“என்னடா பண்ணி வச்சிருக்க? இறந்துபோனவங்க வீட்டுக்கெல்லாம் கடிதம் போயிருக்கு!”

“எப்படிப் போகும்? இரு, பாக்கறேன்.” கீபோர்டு சத்தம் கேட்டது. “அக்கா, போன வாரம் பட்டியலைப் புதுசுக்கு மாத்தினேன்ல? உனக்கு மெசேஜ்கூடப் போட்டேனே. இதுல டிக் போட்டா அவங்களுக்கு அனுப்புன்னு அர்த்தம். அனுப்பறதுக்கு முன்னாடி எல்லா டிக்கையும் மாத்திடுன்னு எழுதியிருந்தேன்.”

“நான் பாக்கலியே!”

“நீ எதைப் பாத்த? உன் மெசேஜ்ல எண்ணூறு பேர் வந்து நிக்கறாங்க. நடுவுல தம்பி சொன்னது எங்க கண்ணுல படும்?”

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இப்ப அந்தப் பேச்சு எதுக்கு? முதல்ல சரி பண்ணு.”

“போன கடிதத்தைத் திருப்பி எடுக்க முடியாதுக்கா. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதித் தா, நான் அனுப்பறேன்.”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே மன்றத்தின் பக்கத்தில் புதுப் பதிவு ஒன்று வந்து விழுந்தது. எழுதியவர் பெயர்: ஷிப்ட்.

அப்பா.

வேலை பார்த்த நாளெல்லாம் துணை மின்நிலையத்தில் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர் அவர். மணிக்கொரு தடவை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி எழுதிப் பழகிய கை. மன்றத்திலும் அப்படியே எழுதுவார். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அவர் எழுதியிருந்தது இது:

‘இந்த வாரம் பரவாயில்லை. இன்று காலை பால் முக்கால் டம்ளர் குடித்தாள். இருமல் இல்லை. பத்து மணிக்கு வலப்பக்கம் திருப்பினேன். ஒரு தடவை சிரித்தாள். கேட்டதற்கு நன்றி.’

மேட்ரன் இன்னொரு தடவை படித்தாள். பிறகும் ஒரு தடவை படித்தாள்.

“அக்கா? லைன்ல இருக்கியா? வேற ஏதாவது வந்திருக்கா?”

முதல் ஆளாக உன்னிடம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து எட்டு நாள் ஆகியிருந்தது. அவள் மவுஸை நகர்த்தி ‘பதிவை மறை’ என்பதை அழுத்தினாள். பதிவு மறைந்தது.

“இல்லடா,” என்றாள். “வேற ஒண்ணும் இல்ல.”

* * *

அப்பா வீட்டுக்குப் போகிற பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. மன்னிப்புக் கடிதத்தைப் போனில் தட்ட ஆரம்பித்தாள். ‘அன்புள்ள உறுப்பினர்களுக்கு’ என்பதைத் தாண்டி ஒரு வரி ஓடவில்லை.

புதுப் பதிவு ஒன்று வந்தது. எழுதியவர் ஒரு தச்சர். அவருடைய மகன் விபத்தில் அடிபட்டு இரண்டு வருடம் நினைவில்லாமல் கிடந்து, போன வருடம் இறந்துபோனான். திட்டத்தான் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தாள்.

‘ஷிப்ட் ஐயா எழுதினதைப் பார்த்தேன். இப்போது காணவில்லை. என் பையன் இன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. நாளைக்குச் சாப்பிடுவான்.’

மேட்ரன் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். இதை மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. ஆறுதல் சொல்வதில் கைதேர்ந்தவள் என்று எண்ணூறு பேர் நம்புகிற பெண்ணுக்கு அந்தத் தச்சரிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். எங்கே இறங்க வேண்டுமோ அதற்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

அப்பா கதவைத் திறந்தார். முகம் மழித்திருந்தார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் பாதி திரும்பி வந்தது.

“வாம்மா. செவ்வாய்க்கிழமை உனக்குக் கடிதம் அனுப்பற நாளாச்சே?”

“அனுப்பிட்டேன்ப்பா.”

“வந்துச்சு. உக்காரு, டீ போடறேன்.”

அம்மாவின் அறைக்கதவு திறந்தே இருந்தது. வாடகைக்கு எடுத்த கட்டிலை ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னும் எடுத்துப்போகவில்லை. அதன் மேல் நீளவாக்கில் இரண்டு தலையணை, மேலே அம்மாவின் நீலப் போர்வை. மடித்து வைக்க இடமில்லாமல் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

தலைமாட்டுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவளுடைய கடிதம்தான். வாரம் அறுபத்தொன்று. ‘தயவுசெய்து தனியாகத் திருப்பாதீர்கள்! இரண்டு மணிக்கொரு தடவை திருப்ப வேண்டும், இரண்டு பேராகத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் முதுகு போய்விடும்.’ மன்றத்தில் அதிகம் பேர் பாராட்டிய கடிதம் அது. நானூற்றுப் பன்னிரண்டு விருப்பக்குறி. மூலைகளில் செல்லோடேப் பழுப்பேறிப் போயிருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் நீள நோட்டு. நேரம், பக்கம், சாப்பாடு, உதவி, குறிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஐந்து கட்டங்கள். மின்நிலையத்து நோட்டு மாதிரியே.

அம்மா போன தேதியைத் தேடிப் புரட்டினாள். அன்றைக்கு ‘காலை 5.20’ என்று மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த பக்கம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இல்லை. இடம், வலம், இடம், வலம். முப்பத்தேழு நாளும் ஒரு நேரம் தவறாமல் எழுதியிருந்தார்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது. மேட்ரன் பின்னோக்கிப் புரட்டினாள். உதவி என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு. அங்கங்கே ‘வாட்ச்மேன்’. அங்கங்கே ‘எதிர்வீட்டு டீச்சர்’. ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மகன்’.

தன்னைத் தேடினாள். தான் வராமல் இருந்தவள் இல்லையே? வாரம் ஒரு தடவை தவறாமல் வந்தவள்தானே? பழம் வாங்கி வந்தாள், புதுப் படுக்கை விரிப்பு வாங்கி வந்தாள். தேடிக்கொண்டே போனவள் தன்னைக் குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் கண்டுபிடித்தாள்.

‘மகள் வந்தாள். போன் பேசினாள். போனாள்.’

அடுத்த வாரம்: ‘மகள் வந்தாள். போன் பேசினாள். போனாள்.’

அதற்கடுத்த வாரம், ‘மகள் வந்தாள். கடிதத்துக்குப் படம் எடுத்தாள். போனாள்.’

குத்திக் காட்டுவதற்காக எழுதியது இல்லை. மீட்டர் முள் எங்கே நின்றதோ அதை எழுதுகிற கை எழுதியது. குத்திக் காட்டியிருந்தால்கூட அவள் சண்டை போட்டிருப்பாள்.

“சர்க்கரை சரியா இருக்கா பாரு,” என்று அப்பா டம்ளரை நீட்டினார். அவள் கையில் நோட்டைப் பார்த்தார்.

“அப்பா, காலையில நீங்க மன்றத்துல ஒரு பதில் போட்டீங்களே.”

“ஆமா.”

“அம்மா பால் குடிச்சாங்கன்னு…”

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டு ஓடி வந்தியா?”

“இல்லப்பா…”

“அவ போய் முப்பத்தேழு நாள் ஆச்சு. எனக்குத் தெரியாதா? நான்தானே தூக்கிக் கொடுத்தேன்?” குரலில் நடுக்கம் இல்லை. “ஆறு வருஷமா போன் பண்றவங்க, படியில பாக்கறவங்க எல்லாரும் முதல்ல அவளைத்தான் கேட்பாங்க. வீட்ல எப்படி இருக்காங்க, சாப்பிட்டாங்களா, அப்படின்னு. போனதுக்கு அப்புறம் ஒருத்தர் கேக்கல. நீங்க எப்படி இருக்கீங்கன்னுதான் கேக்கறாங்க. எனக்கென்ன, நான் இருக்கேன். அவளைப் பத்தி யார்கிட்டப் பேசறது? உன் கடிதம்கூட நின்னு போச்சு.”

“நான்தான்ப்பா நிறுத்தினேன். உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு.”

“தெரியும்மா. நல்ல மனசோடதான் நிறுத்தியிருப்ப.” டீயை ஒரு வாய் குடித்தார். “இன்னிக்கு வந்துச்சு. உங்கள் வீட்டு நோயாளி எப்படி இருக்கிறார்னு கேட்டிருந்துச்சு. கேட்டவங்களுக்குப் பதில் சொல்லணும்ல? சொன்னேன். அவ்வளவுதான்.”

மேட்ரன் நோட்டை மூடி மேஜையில் வைத்தாள். எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. அப்பா தெளிவாகத்தான் இருக்கிறார். துக்கம் துக்கமாக இருக்கிறது, புத்தி புத்தியாக இருக்கிறது. இதைத் தம்பியிடம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வான்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. தம்பியின் மெசேஜ்.

‘நீ மறைக்கற பதிவெல்லாம் எனக்கும் ஒரு காப்பி வரும்கா. அதை அமைச்சுத் தந்தவனே நான்தான். ஒண்ணும் இல்லன்னு சொன்னியே. வண்டியில வந்துட்டிருக்கேன். இன்னிக்கே அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்.’

கன்னத்தில் அறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் பதில் எழுதினாள். ‘பொய் சொன்னது தப்புதான். ஆனா நான் அவர்கூடத்தான் இருக்கேன். பேசிட்டேன். அப்பா தெளிவா இருக்கார். வந்து நீயே பார்.’

“யாரு, தம்பியா?” என்றார் அப்பா.

“ஆமாப்பா. வரான். உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றான். நீங்க என்கிட்டச் சொன்னீங்களே, அதை அப்படியே அவன்கிட்டயும் சொல்லுங்க. புரிஞ்சுப்பான்.”

“சொல்றேன். சொல்றதுக்கு என்ன?”

அப்பா இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துண்டில் துடைத்தார். இன்றைக்கு இந்த வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிடலாம் என்று மேட்ரன் நம்பினாள். இவ்வளவு நாள் செய்யாததற்கு இதையாவது செய்துவிடலாம்.

மேஜை மேல் இருந்த அலாரம் அடித்தது. மணி இரண்டு.

அப்பா அறைக்குள் போனார். அவசரமில்லாமல், ஷிப்டில் தன் இடத்துக்குப் போகிறவர் மாதிரி. கட்டிலின் ஒரு பக்கம் நின்று நீலப் போர்வையை விலக்கினார். தலையணைகளுக்கு அடியில் ஒரு விரிப்பு நான்காக மடித்துச் செருகியிருந்தது. நோயாளியை இழுத்துத் திருப்புவதற்கான விரிப்பு. அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்தார்.

“அந்தப் பக்கம் வந்து நில்லும்மா.”

“அப்பா…”

“தோள்கிட்டப் பிடி. இடுப்பை நான் பாத்துக்கறேன். மூணு சொல்லும்போது ரெண்டு பேரும் சேர்ந்து.”

“அப்பா, இப்பதானே சொன்னீங்க, அம்மா போயிட்டாங்கன்னு.”

“ஆமா, சொன்னேன்.” அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் குழப்பம் எதுவும் இல்லை. “அதுக்காக? பத்து மணிக்குத் திருப்பினது. பன்னெண்டு மணிக்கு நீ வந்த அவசரத்துல விட்டுப் போச்சு. நாலு மணி நேரமா ஒரே பக்கமாக் கிடக்கறா. புண்ணு வந்துடும்.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். உடைத்துப் பேசியிருக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று மன்றத்தில் எத்தனையோ பேருக்கு அவளே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அதில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. அவள் கட்டிலின் மறுபக்கம் போய் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள்.

“ஒண்ணு. ரெண்டு. மெதுவா, அவளுக்கு அந்தத் தோள்ல வலி. மூணு.”

தலையணைகள் இடப்பக்கம் புரண்டன. பஞ்சுக்கு என்ன எடை இருக்கும்? ஆனால் அப்பா மூச்சு வாங்கினார். போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டார். சுருக்கத்தை நீவினார்.

“ரெண்டு பேர் இருந்தா எவ்வளவு சுலபமா இருக்கு பாரு,” என்றார். சுவரில் இருந்த தாளைத் தலையால் காட்டினார். “நீ எழுதினது சரிதான்.”

நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். நின்றுகொண்டே ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். நேரம்: 2.00. பக்கம்: இடம். சாப்பாட்டுக் கட்டத்தில் ஒரு கோடு. அதற்கு அடுத்த கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினார்.

உதவி: மகள்.

ஆறு வருடத்தில் முதல் தடவை. மேட்ரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வாயைப் பொத்தியும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

“எதுக்கு அழற? நல்லாத்தானே பிடிச்ச.”

வாசலில் காலிங் பெல் அடித்தது. தம்பி எப்போதும் அழுத்துகிற மாதிரி, விட்டு விட்டு இரண்டு தடவை. “அக்கா, கதவைத் திற” என்று வெளியிலிருந்து குரலும் வந்தது.

அவள் கூடத்தைக் கடந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறந்தால் அப்பாவுக்கு இந்த வீடு இல்லை. திறக்காமல் எத்தனை நேரம் நிற்க முடியும்?

“தம்பியாம்மா?” அறைக்குள்ளிருந்து அப்பா குரல் கொடுத்தார். நிதானமான, பழைய குரல். “திற, திற. நல்ல வேளைக்குத்தான் வந்திருக்கான். நாலு மணிக்கு நீ கிளம்பிடுவ. அவன் பிடிக்கட்டும்.”